கடையின் பெயர் போட்ட டிராக்டர்

எனக்கு முன்கோபம் அதிகம். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதனால் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். ஆனால் டிராக்டர் விஷயத்தில் நான் செய்த தப்பைக் கோபத்தில் செய்யவில்லை. கோபமெல்லாம் வடிந்து, ஒரு ராத்திரி முழுக்க யோசித்து, நிதானமாகத்தான் செய்தேன்.

திருத்தணியிலிருந்து கனகம்மாசத்திரம் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். மூன்றரை ஏக்கர் நிலம். கணவருக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. விடியற்காலை ரயிலைப் பிடிக்கக் கிளம்புகிறவர், விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவார். ஆகவே பயிர் என் பொறுப்பு. விதை வாங்குவது, மடை மாற்றுவது, நடவுக்கு ஆள் கூப்பிடுவது எல்லாம் எனக்குக் கைவந்துவிட்டது. உழவு மட்டும் என் கையில் இல்லை.

எங்கள் ஊரில் வாடகைக்கு ஓடுகிற டிராக்டர்கள் இரண்டு. இரண்டுமே என் கணவரின் பெரியப்பா மகனுடையவை. கணவருக்கு அண்ணன் என்பதால் எனக்குப் பாவா முறை. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாருக்கு என்றைக்கு ஓட்டுவது என்பதை அவர் முன்கூட்டிச் சொல்ல மாட்டார். போனில் கேட்டால் பார்க்கலாம் என்பார். காலையில் அவர் வீட்டு கேட்டுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்து, நிற்கிறவர்களை ஒரு பார்வை பார்த்து, இன்றைக்கு இன்னாருக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். மற்றவர்களிடம் இரண்டு வார்த்தை பேசவாவது செய்வார். நான் தம்பி மனைவி முறை. தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்துப் பேசக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் மரியாதை. அந்த மரியாதையைக் காப்பாற்றிக் காப்பாற்றியே என் முறையைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார்.

இரண்டு வருஷம் இப்படி நின்றேன். இரண்டு வருஷமும் நாற்றங்காலில் நாற்று முற்றிப்போய், முற்றிய நாற்றை நட்டு, அது தூர் கட்டாமல் ஒல்லி ஒல்லியாக நின்றதைப் பார்த்தேன். இரண்டாவது வருஷம் அறுவடை முடிந்த அன்று கணவரிடம் சொன்னேன். இனிமேல் அந்த கேட்டுக்கு முன்னால் நான் போய் நிற்பதாக இல்லை. ஒன்று நமக்கென்று டிராக்டர் வாங்க வேண்டும், இல்லையென்றால் நிலத்தைப் பாவாவுக்கே குத்தகைக்கு விட்டுவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். கணவர் ரயில் பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றார்.

பெரிய கம்பெனி டிராக்டர்கள் எங்கள் கைக்கு எட்டவில்லை. சென்னை–திருப்பதி ரோட்டில் விவசாயச் சாமான் கடை ஒன்று உண்டு. விதை, உரம், மருந்தடிக்கும் மெஷின், சொட்டுநீர்க் குழாய் எல்லாம் கிடைக்கும். பல ஊர்களில் கிளை வைத்திருக்கிறார்கள். அந்தக் கடையில் புதிதாகச் சின்ன டிராக்டர் விற்க ஆரம்பித்திருந்தார்கள். வடக்கே எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் செய்து, தங்கள் கடைப் பெயரை முன்னால் பொறித்துக் கொண்டுவருகிறார்களாம். மளிகைக் கடைக்காரர் யாரோ விளைவித்த உளுந்தைத் தன் பெயர் போட்ட பாக்கெட்டில் அடைத்து விற்கிற மாதிரிதான் இது என்று கணவர் சிரித்தார். விலை மற்றதைவிட வெகுவாகக் குறைவு. எனக்குப் பிடித்ததும் அதுதான், பயமாக இருந்ததும் அதுதான்.

வாங்குவது பெரிய விஷயமில்லை, நடுச் சேற்றில் நின்றால் எவன் வந்து பார்ப்பான் என்று பாவா கணவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அதில் கொஞ்சம் பொறாமை கலந்திருக்கலாம். ஆனால் கேள்வி நியாயமானது. மனசில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. கடையில் விற்பனைப் பையன்கள் அழகான புத்தகம் ஒன்றைக் கொடுத்து, அதில் இருக்கிற நம்பருக்குப் போன் செய்தால் போதும் என்றார்கள். நம்பர் யார் வேண்டுமானாலும் அச்சடிப்பார்கள், வருகிற ஆளைக் காட்டுங்கள் என்றேன். கணவர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். நான் அசையவில்லை.

கடைசியில் பின்பக்கமிருந்து ஒருவரைக் கூட்டி வந்தார்கள். நாற்பது வயதிருக்கும். கைத்துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே வந்தார். புத்தூர்ப் பக்கத்து ஆள் என்பது பேச்சில் தெரிந்தது. எங்கள் ஊர் எங்கே இருக்கிறது, ரோடு எப்படி, வயல் வரைக்கும் பைக் போகுமா என்று அவர்தான் என்னைக் கேட்டார். நீங்கள் எவ்வளவு நேரத்தில் வருவீர்கள் என்று நான் கேட்டதற்கு, “போன் பண்ணுங்கம்மா, வர்றேன்” என்று மட்டும் சொன்னார். அந்த வட்டாரத்துக்கே சர்வீஸ் என்றால் அவர் ஒருவர்தான் என்பது பிறகு தெரிந்தது. ஜம்பமாக நாலு வார்த்தை பேசியிருந்தால் எனக்குத் தைரியம் வந்திருக்கும். அவர் பேசாததால் கவலை இன்னும் கூடியது.

ஆனி மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. பத்து நாள் பொறுத்தால் ஆடித் தள்ளுபடி போடுவோம், இன்னும் குறையும் என்று கடைக்காரர் ஆசை காட்டினார். ஆடியில் யாராவது வண்டி எடுப்பார்களா? அன்றைக்கே எடுத்து, நேராகத் திருத்தணி மலைக்கு ஓட்டிப் போய்ப் பூஜை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊருக்குள் கொண்டுவந்தோம்.

டிரைவராக வந்தவர் முன்பு பாவாவிடம் ஓட்டியவர். அதிகம் பேசாதவர். ஆடியில் மானாவாரி நிலத்துக்கெல்லாம் உழவு வந்தது. எங்கள் வேலை முடிந்ததும் பக்கத்து நிலத்துக்காரர்கள் கூப்பிட்டார்கள். வண்டி ஓயாமல் ஓடியது. நான் வீட்டில் இருந்தாலும் காது அங்கேதான் இருக்கும். சத்தம் கொஞ்சம் மாறினால் வாசலுக்கு ஓடுவேன். ராத்திரி அது நின்ற இடத்தில் ஏதாவது சொட்டியிருக்கிறதா என்று காலையில் குனிந்து மண்ணைத் தடவிப் பார்ப்பேன். பிள்ளைகளைக்கூட இப்படிப் பார்த்துக்கொண்டதில்லையே என்று கணவர் கேலி செய்தார். சிரித்தாலும் எனக்குப் பயம் போகவில்லை. அது நின்றுபோனால் நான் எந்த இடத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும் என்பது எனக்குத்தானே தெரியும்.

வண்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்ட ஒரு மீட்டர் உண்டு. ஐம்பது மணி நேரம் ஆனதும் முதல் சர்வீஸ் விட வேண்டும். எண்ணெய் மாற்றி, இன்ஜினில் போல்ட்டுகளையெல்லாம் மறுபடியும் இறுக்கிக் கொடுப்பார்களாம். கடையிலிருந்து ஒரு பெண் போன் செய்து, ஐம்பது நெருங்கியிருக்குமே, எப்போது ஆள் அனுப்பட்டும் என்று கேட்டாள். ஆடி கழியட்டும் என்றேன். புது வண்டி, முதல் தடவையாக அதன் வயிற்றைத் திறக்கப்போகிறார்கள். அதை ஆடியில் செய்வதா? என் அப்பா ஒரு ஆடியில் ஆழ்துளைக் கிணறு போட்டு, வெறும் புழுதி பறந்ததைச் சின்ன வயதில் பார்த்தவள் நான்.

டிரைவரும் சொன்னார். “யக்கா, மீட்டரு அம்பதத் தாண்டி ஓடிக்கினு இருக்குது. சர்வீஸ் உட்டுடலாம்.” அவரிடமும் அதே பதில்தான். கணவர்தான் விடவில்லை. ஆடி வந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவதில்லையா, அந்த மாதிரி இதையும் கடைக்கு ஒரு நடை அனுப்பி வை என்றார். நான் சிரித்துவிட்டேன். ஆனால் அனுப்பவில்லை. அந்தப் பெண் இரண்டாவது தடவையும் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள். நான் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். காவடிக் கூட்டமும் மேளச் சத்தமுமாக ஒன்றும் காதில் விழவில்லை. அப்புறம் பேசுகிறேன் என்று கத்திவிட்டு வைத்தேன். அப்புறம் பேசவில்லை.

ஆடி கழிந்தது. ஆவணியும் பிறந்தது. அதற்குள் நாற்று இருபது நாள் ஆகியிருந்தது. சேடை ஓட்டி முடித்ததும் சர்வீஸ் விடலாம் என்று இன்னும் கொஞ்சம் தள்ளினேன். நடவுக்கு முன்னால் தண்ணீர் கட்டிச் சேறாக உழுவதைத்தான் எங்கள் பக்கம் சேடை என்போம். வண்டிக்கு அதைவிடக் கடினமான வேலை கிடையாது. நடவு ஆட்களுக்கு நாள் சொல்லியாகிவிட்டது. முதல் ஏக்கர் முடிந்து இரண்டாவதில் இறங்கியபோது, சாயங்காலம் நாலு மணிக்கு, வண்டி சூடேறி, வெள்ளையாக ஆவி விட்டு, சேற்றுக்கு நடுவில் நின்றுவிட்டது.

பாவா சொன்ன அதே நடுச் சேறு. வரப்பில் நின்றபடியே கடைக்குப் போன் போட்டுக் கத்தினேன். விற்கும்போது இருந்த வாய் இப்போது எங்கே போனது, ஏழை பாழைகளை ஏமாற்றிப் பிழைக்கிறீர்களே, உங்களை நம்பி நாசமாய்ப் போனேன் என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அந்தப் பெண் நான் முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“அம்மா, நாங்க மூணு வாட்டி போன் பண்ணோம். நீங்கதான் ஆடி போவட்டும்னு சொன்னீங்க.”

ஆள் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தேன். டிரைவர் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். காலில் அப்பிய சேற்றை வாய்க்காலில் கழுவினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் சர்வீஸ்காரர் பைக்கில் வந்துவிட்டார். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். இன்ஜினுக்குள்ளிருந்து எண்ணெய் பார்க்கிற கம்பியை உருவிக் காட்டினார். எண்ணெயோடு தண்ணீர் கலந்து பால் காபி நிறத்தில் இருந்தது. இன்ஜின் தலைப்பகுதியை இறுக்கியிருக்கிற போல்ட்டுகள் புதிதில் கொஞ்சம் தளரும், முதல் சர்வீஸில் இறுக்கியிருந்தால் சரியாகியிருக்கும், இறுக்காததால் நடுவில் தண்ணீர் கசியாமல் அடைத்து வைக்கிற கேஸ்கெட் வெடித்துவிட்டது என்றார். திட்டவில்லை. மீட்டரைப் பார்த்தார், நூற்றுப் பத்தைத் தாண்டியிருந்தது. ஒரு நிமிஷம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். முதல் சர்வீஸ் விடவில்லை என்று எழுதினால் கம்பெனி ஒன்றும் தராது.

“ஆடின்னு எழுத முடியாதும்மா” என்று சிரித்தார். “போல்ட்டு லூசா வந்திருக்குதுன்னு எழுதிக்கிறேன்.”

தன் பக்கத்துத் தப்பு என்று எழுதி, என்னைக் காப்பாற்றினார். கேஸ்கெட் மட்டும் சென்னையிலிருந்து வர வேண்டும். நாலு நாள் ஆகும். அதைவிடச் சீக்கிரம் முடியாதும்மா என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார். வயல் ஊரைவிட்டு ஒதுங்கியிருப்பதால் அவர் வந்ததையும் போனதையும் என்னையும் டிரைவரையும் தவிர யாரும் பார்க்கவில்லை.

நாலு நாள் என்றால் நடவு ஆட்கள் வேறு வயலுக்குப் போய்விடுவார்கள். அவர்களைத் திரும்பப் பிடிக்க இன்னும் பத்து நாள். நாற்று மூன்றாவது வருஷமும் முற்றிவிடும். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. பாவா வீட்டு கேட்டுக்குப் போகத்தான் வேண்டும், வேறு வழியில்லை. போய் என்ன சொல்வது என்பதைத்தான் யோசித்தேன். மூன்று தடவை கடையிலிருந்து கூப்பிட்டார்கள், நான்தான் ஆடி என்று சொல்லித் தள்ளிவிட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னால் காலத்துக்கும் சிரிப்பார்கள். பொம்பளை வண்டி வாங்கினால் இப்படித்தான் என்பார்கள். கணவரிடம்கூட நான் எதுவும் சொல்லவில்லை. விடிவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

காலையில் கேட்டுக்கு முன்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எங்கள் வரப்பை அடுத்த நிலத்துக்காரரும் அதில் ஒருவர். அறுப்பு முடிந்ததும் தானும் அந்த மாதிரி ஒரு வண்டி எடுக்கலாம் என்றிருப்பதாகப் போன வாரம்தான் என்னிடம் விசாரித்திருந்தார். பாவாவின் வண்டிக்கு வயலில் வழி காட்ட வேண்டும் என்பதால் டிரைவரையும் கூட்டிப் போயிருந்தேன். பாவா வெளியே வந்தார். செய்தி அவருக்கு எட்டியிருந்தது. கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார்.

“ஏம்மா, கடைக்காரன் எவனும் வந்து பாக்கலியா?”

“எங்க பாவா வர்றாங்க. வித்ததோட சரி. போன் அடிச்சாகூட எடுக்கறதில்ல.”

குரல் நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. டிரைவர் என் பக்கம் திரும்பவில்லை, கேட்டின் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து நிலத்துக்காரர் உச்சுக்கொட்டினார். அன்றைக்கே சொன்னேன், யார் கேட்டீர்கள் என்றார் பாவா. சொன்ன கையோடு, நின்றவர்களை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு, பெரிய வண்டியை முதலில் என் வயலுக்கு அனுப்பினார். மத்தியானத்துக்குள் சேடை முடிந்தது. மறுநாள் குறித்தபடி நடவு நடந்தது.

சொன்ன நாளில் சர்வீஸ்காரர் கேஸ்கெட்டோடு வந்து வண்டியைச் சரி செய்தார். அதற்கப்புறம் அது ஒரு நாள்கூட மக்கர் செய்யவில்லை. பயிர் அந்த வருஷம் தூர் கட்டி, பார்க்கிறவர்கள் கண் வைக்கிற மாதிரி நின்றது. கணவருக்கு மெதுவாக விஷயம் தெரிந்தது. டிரைவர் சொல்லியிருக்க மாட்டார். ராத்திரி தூக்கத்தில் நானே உளறியிருப்பேன் போலிருக்கிறது. போனால் போகிறது, வாய் தவறி வந்துவிட்டது என்று சமாதானம் சொன்னார். வாய் தவறவில்லை என்று அவரிடம் நான் வாதாடவில்லை.

பக்கத்து நிலத்துக்காரர் அறுப்பு முடிந்து பெரிய கம்பெனி வண்டியைத் தவணையில் எடுத்தார். என் பேச்சு டீக்கடை வழியாகச் சுற்றுப்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போயிருந்தது. மணவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சொந்தக்காரர், உன்னை ஏமாற்றிய அந்தக் கடை எது என்று போன் செய்து கேட்டார். தான் வாங்காமல் தப்பித்துக்கொள்ளத்தான் கேட்டார். நான் சொன்னேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் காலையில் சர்வீஸ்காரர் தானாகவே வந்தார். நான் கூப்பிடவில்லை. பையிலிருந்து இரண்டு எண்ணெய் ஃபில்டர், ஒரு ஃபேன் பெல்ட், ஒரு கேஸ்கெட் எடுத்துத் திண்ணையில் வைத்தார். கடையில் டிராக்டர் விற்பதை நிறுத்திவிட்டார்களாம். இந்தப் பக்கம் வண்டியே விலைபோகவில்லையாம். இவரைத் திருப்பதிக்கு அந்தாண்டை ஒரு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை நடுவில் மாற்ற முடியாததால் குடும்பம் புத்தூரிலேயே இருக்கும், இவர் மட்டும் போய் வர வேண்டும். இனி உங்களுக்குப் போன் வராது, மீட்டரைப் பார்த்து நீங்களே எண்ணெய் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, வேறு எந்த வண்டியின் ஃபில்டர் இதற்கும் பொருந்தும், எங்கே கிடைக்கும் என்றெல்லாம் டிரைவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

நான் மோர் கொண்டுவந்து கொடுத்தேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். டிரைவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். சர்வீஸ்காரர் மோரைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தார்.

“நல்ல வண்டிதாம்மா. ஏன் யாரும் வாங்கலன்னே புரியல. உங்களக் கேட்டவங்களுக்கு நீங்க நல்ல விதமாதான் சொல்லியிருப்பீங்க.”

“ஆங்” என்றேன்.